பலாவிலை முதல் எவர்சில்வர் வரை: சக்குபள்ளத்து வீட்டுக் கரண்டிகளின் கதை

சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைக் கேட்டபோது, சமணப் பள்ளி, கல்வெட்டு, வட்டெழுத்து என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் கரண்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிரித்தார்கள். "நயினாரே, கரண்டிக்கு ஏது வரலாறு?" என்றார் ஒருவர். வரலாறு இருக்கிறது. அதைக் கேட்டு முடித்தால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது பத்து ரூபாயாவது மிச்சமாகும். நாற்பது வருஷம் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

நான் கல்லூரிப் படி ஏறாதவன். எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். என் தந்தையார் பித்தளைப் பாத்திர வியாபாரமாகக் கம்பம் வந்தார். நான் மேட்டில் ஏறி அணக்கரைச் சந்தைக்கும் சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களுக்கும் சரக்குக் கொண்டுவந்தேன். பகலில் வியாபாரம், இரவில் புத்தகம். அவ்வளவுதான் என் படிப்பு. கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்பூன் செட்டு எது, நீங்களே எடுத்துக் குடுங்க" என்பது. அந்தக் கேள்விக்கு நான் பல வருஷம் தப்பான பதிலைச் சொல்லியிருக்கிறேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இலையும் சிரட்டையும்

சக்குபள்ளம் இரு மொழி புழங்கும் ஊர் என்பதை இங்கே வாழும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலையாளத்தில் 'சக்கு' என்றால் நம் செக்கு. 'பள்ளம்' இருவருக்கும் பொது. கரண்டி விஷயத்திலும் அப்படியே. நாம் அகப்பை என்பதை அவர்கள் தவி என்பார்கள், கயில் என்பார்கள். நம் பழைய நூல்களில் சட்டுவம் என்று வருவது, இன்றும் மலையாளி வீட்டு அடுப்பங்கரையில் சட்டுகமாக உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் தோசைத்திருப்பி என்று பேர் மாறிப்போனது, இங்கே பழைய பேரோடு நிற்கிறது.

இந்த மலைப்பக்கத்தில் வாயில் வைத்துச் சாப்பிடும் கரண்டிகளில் பழமையானது எது என்று கேட்டால், பலாவிலை என்பேன். பச்சைப் பலாவிலையைக் கூம்பாக மடக்கி, தென்னை ஈர்க்கால் ஒரு குத்துக் குத்தினால் கரண்டி தயார். கஞ்சியை அதில் கோரிக் குடிப்பார்கள். சூடு கையில் ஏறாது. இலையின் மணம் கஞ்சியில் இறங்கும். குடித்து முடித்ததும் எறிந்துவிடலாம், கழுவ வேண்டியதில்லை. கர்க்கடக மாதக் கஞ்சிக்கு இன்றும் சில வயதானவர்கள் பலாவிலைதான் கேட்கிறார்கள். அடுத்தது சிரட்டை. தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டு மூங்கில் காம்பு செருகினால் அகப்பை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற பழமொழி பிறந்தது இந்தச் சிரட்டை அகப்பையிலிருந்துதான்.

வாயைத் தொடாத கரண்டி

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தமிழில் பரிமாறும் கரண்டிக்குத்தான் எத்தனை பேர்! அகப்பை, சட்டுவம், துடுப்பு, குழிக்கரண்டி, அன்னக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, எண்ணெய்க் கரண்டி என்று அடுக்கலாம். ஆனால் வாயில் வைத்துச் சாப்பிடும் கரண்டிக்கு வழக்கில் ஊன்றிய பேர் இல்லை. தேக்கரண்டி என்பது பிற்கால மொழிபெயர்ப்பு. வீட்டில் எல்லோரும் ஸ்பூன் என்றுதான் சொல்கிறோம்.

காரணம் எச்சில். வாயில் பட்ட பொருளைப் பொதுவில் வைப்பதில்லை என்பது நம் வழக்கம். இன்னொருவர் வாயில் போன கரண்டியை எத்தனை தேய்த்தாலும் மனசு ஒப்பாது. கை அவரவர் கை. கோயிலில் தீர்த்தம் கொடுக்கும் உத்தரணியைப் பாருங்கள். கரண்டிதான், ஆனால் தீர்த்தம் உள்ளங்கையில் விழுகிறது, கரண்டி வாயைத் தொடுவதில்லை. 1623-இல் மேற்குக் கரை வழியாக வந்த இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வல்லே, இங்குள்ளவர்கள் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றித் தண்ணீர் குடிப்பதை வியந்து எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் பாத்திரம் உதட்டைத் தொட்டது, குழந்தைக்குப் புகட்டும் பாலாடைக்கும் சங்குக்கும்தான்.

எங்கள் சமண மரபில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். திகம்பர முனிவர்கள் நின்றபடி, இரு கைகளையும் சேர்த்து ஏந்தி, நாளுக்கு ஒரே ஒரு வேளை உண்பார்கள். தட்டும் கிடையாது, கரண்டியும் கிடையாது, கையே பாத்திரம். நம் மலையிலிருந்து கீழே இறங்கினால் உத்தமபாளையம் கருப்பணசாமி கோயில் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைக் காணலாம். அச்சணந்தி முதலிய துறவியர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த அடிவாரத்தில் நடந்த அந்தத் துறவிகளிடம் ஒரு கரண்டிகூட இருந்திருக்காது. அவர்கள் வழியில் வந்த நான் கரண்டி விற்றுப் பிழைத்தேன் என்பது வேறு விஷயம்.

கையால் சாப்பிடுவது நம்மவர் மட்டும் செய்தது என்று எண்ண வேண்டாம். ஐரோப்பாவிலும் முள்கரண்டி மெதுவாகத்தான் நுழைந்தது. 11-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் ஆட்சியாளரை மணந்து வந்த கிரேக்க இளவரசி ஒருத்தி முள்கரண்டியால் சாப்பிட்டதை, பீட்டர் டாமியன் என்ற துறவி ஆடம்பரம் என்று கண்டித்து எழுதினார். இத்தாலியில் முள்கரண்டியைக் கண்டு தாமும் பழகிக்கொண்ட தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர், 1611-இல் அதைப் பற்றிப் புத்தகத்தில் எழுதி, சொந்த நாட்டவரின் கேலிக்கு ஆளானார். நம் பக்கத்தில் மூணாறு, பீருமேட்டுத் துரைமார் பங்களாக்களில் மேசைமேல் கத்தியும் முள்ளும் வைத்த காலத்தில், லயத்தில் இருந்தவர்கள் கையால் சாப்பிட்டார்கள். இன்று லயத்திலும் நூடுல்ஸ் வந்துவிட்டது, ஸ்பூனும் வந்துவிட்டது.

பேரில் மட்டும் வெள்ளி

இனி உலோகத்துக்கு வருவோம். இங்கேதான் ஏமாற்றும் தொடங்குகிறது. உலோகம் ஏமாற்றவில்லை, பேர் ஏமாற்றியது.

என் தந்தையார் காலத்தில் பித்தளைதான் மூலதனம். பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். ஆகவே ஈயம் பூச வேண்டும். பூசுவது வெள்ளீயம், காரீயம் விஷம், அதை உணவில் சேர்க்கக் கூடாது. கேரளத்துப் பெரிய வீடுகளில் மன்னார் ஊர்க் கன்னார்கள் வார்த்த வெண்கல உருளியும் தவியும் இருக்கும். தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவருக்கு அதெல்லாம் கைக்கு எட்டாது.

அவர்களுக்கு வந்து சேர்ந்தது அலுமினியம். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டது சென்னை. கலைத் தொழிற்பள்ளியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். லேசு, மலிவு, ஈயம் பூசும் வேலை இல்லை. ஆனால் நம் ஜனங்கள் அதற்கு வைத்த பேர் ஈயம்! 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவினவர் கேட்ட ஈயம் அநேகமாக அலுமினியமே. கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி ஏலக்காய் எடுக்க வந்த பெண்கள் கையில் இருந்த தூக்குச்சட்டி அந்த உலோகம்.

இன்னொரு பக்கம் ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அதில் வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. 1840-இல் இங்கிலாந்தின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார்கள். அதன்பிறகு இந்த உலோகத்தில் செய்த கரண்டிமேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு வந்தது. தேய்க்கத் தேய்க்க வெள்ளி போய், உள்ளே இருப்பது தெரியும்.

கடைசியாக வந்தது நம் எவர்சில்வர். அதிலும் சில்வர் இல்லை! இரும்போடு குரோமியம் சேர்த்த உருக்கு அது. ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க ஓர் உலோகம் தேடியபோது, 1913-இல் சுமார் 13 சதவீதக் குரோமியம் கொண்ட உருக்கைக் கண்டார். அது துருப்பிடிக்காததைக் கவனித்துக் கத்தி செய்யக் கொடுத்தார். ஏறத்தாழ அதே சமயம் ஜெர்மனியில் குரூப் ஆலையினர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த வகைக்கு 1912-இல் உரிமம் கோரினார்கள். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் என்ற கணக்கு 1924-இல் ஷெஃபீல்டின் ஹாட்ஃபீல்டு என்பவரால் நிலைபெற்றது. டப்பாவின்மேல் 18/8 என்று போட்டிருப்பது இதுதான். தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தி தொடங்கியதும், நம் மண்ணிலேயே எவர்சில்வர் தகடு உருண்டது.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை? குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை மேலே உண்டாக்குகிறது. கீறினாலும் அந்தத் தோல் தானே மூடிக்கொள்ளும். அதற்கு எதிரி உப்பு. உப்பும் புளிப்பும் சேர்ந்து ஒரே இடத்தில் பல மணி நேரம் தங்கினால், தோலைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும். உருக்கு எவ்வளவு மட்டமோ அவ்வளவு சீக்கிரம் குழி விழும்.

காந்தம் சொன்ன பொய்

இப்போது என் கதை. 2007-இல் உலகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு 50,000 டாலரையும் தாண்டியது. விலை ஏறினால் வியாபாரி என்ன செய்வான்? நிக்கலைக் குறைத்து, அதற்குப் பதில் மாங்கனீசைச் சேர்த்த உருக்கு சந்தையில் நிறையப் புழங்கியது. 200 வரிசை என்பார்கள். அதை அதன் பேர் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் குற்றமில்லை. 18/8 என்ற முத்திரை குத்தி விற்றால்தான் குற்றம்.

2008-இல் சக்குபள்ளத்து லயத்தில் இருந்த ஒரு அம்மா, மகள் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்தார். காய் எடுத்த கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டு மேசை உள்ளவர்கள் என்பதால், ஸ்பூன் செட்டு ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார். ஆறு ஸ்பூன், ஆறு முள், ஆறு கத்தி, ஆறு டீ ஸ்பூன், ஆக இருபத்து நாலு உருப்படி. டப்பாவில் 18/8 என்று போட்டிருந்தது.

"துருப்பிடிக்காதுல்லண்ணே?" என்றார்.

நான் மேசை டிராயரிலிருந்து காந்தத்தை எடுத்தேன். எல்லாப் பாத்திரக் கடையிலும் இருக்கும் வித்தைதான் அது. ஸ்பூனில் ஒட்டவில்லை. "பாத்துக்கம்மா, அசல் சரக்கு" என்றேன். கத்தியில் மட்டும் ஒட்டியது. எனக்கே வெட்கமாகி, "கத்தி கொஞ்சம் மட்டம் போல" என்று சொல்லி அதற்கு விலையும் குறைத்துக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு காம்பிலும் மகள் பேரை என் கையாலேயே வெட்டிக் கொடுத்தேன்.

ஏழு மாசம் கழித்து அந்த அம்மா டீ ஸ்பூன் ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். ஊறுகாய் ஜாடியில் கிடந்த ஸ்பூன். குழிவு பூராவும் பழுப்புப் புள்ளி. காம்பில் நான் வெட்டிய பேர் மட்டும் தெளிவாக இருந்தது.

"அசல்னு சொன்னீகளேண்ணே. சம்பந்தியம்மா எல்லார் முன்னாலயும் எடுத்துக் காட்டுறாக. பேரு வேற எழுதியிருக்கு, எங்கிட்டு மறைக்க?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழவும் இல்லை. கேட்டுவிட்டு நின்றார், அவ்வளவுதான்.

அன்று மாலையே பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் அந்த ஸ்பூனைக் கொண்டுபோனேன். அவர்களிடம் ஒரு சோதனைத் திரவம் உண்டு. உலோகத்தில் ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியால் தொட்டால், மாங்கனீசு மிகுந்த உருக்கில் சொட்டு சிவக்கும். சிவந்தது. "நயினாரே, இது காந்தத்துல ஒட்டாது. ஆனா அதுக்காக நல்ல சரக்குன்னு அர்த்தமில்ல" என்றார். நாற்பத்தெட்டு வயதில், என் தொழிலின் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அதன்பிறகுதான் படித்தேன். காந்தம் ஒட்டுகிறதா என்பது உருக்கின் உள்ளமைப்பைச் சொல்லுமே தவிரத் தரத்தைச் சொல்லாது. நிக்கல் சேர்ந்த 18/8-இலும் ஒட்டாது, மாங்கனீசு சேர்ந்த மட்டச் சரக்கிலும் ஒட்டாது. நிக்கல் இல்லாத 18/0 வகையில் ஒட்டும், ஆனால் சுலபத்தில் துருப்பிடிக்காது. சந்தேகம் இருந்தால் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தைக் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். 1992 முதல் அது அந்த வகை எவர்சில்வரில்தான் அடிக்கப்படுகிறது. காந்தத்தில் ஒட்டும், ஆயிரம் கை மாறியும் துருப்பிடிப்பதில்லை. கத்தியோ, கூர் நிற்பதற்காகப் பதம் ஏற்றிய உருக்கு, ஒட்டித்தான் தீரும். பிரியர்லி கண்ட முதல் உருக்கே காந்தத்தில் ஒட்டுகிற இனம்தான். ஆக அந்தச் செட்டில் சரியான இனத்தில் செய்யப்பட்டிருந்தது, நான் மட்டம் என்று தள்ளிய கத்தி மட்டும்!

தத்துவார்த்த சூத்திரத்தில், திருடாமை விரதத்தைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களில் ஒன்றாகப் 'பிரதிரூபக வியவகாரம்' சொல்லப்படுகிறது. ஒன்றைப் போல இருக்கும் இன்னொன்றை அதுவாக விற்பது என்று பொருள். சின்ன வயதில் மனப்பாடம் செய்தது. தெரியாமல் செய்தாலும் காசு வாங்கியவன் நான்தானே? பில் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தச் சரக்கில் முப்பத்தொரு செட்டு விற்றிருந்தேன். பத்தொன்பது வீடு தேடிப்போய் மாற்றிக் கொடுத்தேன் அல்லது பணம் கொடுத்தேன். மீதிப் பன்னிரண்டு பேர் யாரென்று பில்லில் இல்லை. இதைப் படிப்பவர்களில் அவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பழைய ஸ்பூனோடு வரலாம். கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது.

அந்த அம்மாவுக்குப் புதுச் செட்டு கொடுத்தபோது, "பேரு வெட்டிக் குடுங்கண்ணே" என்றார். பேர் வெட்டினால் திருப்பித் தர முடியாதே என்று எனக்குத்தான் தயக்கம். "இந்தத் தடவ நீங்க பாத்துத்தான குடுக்கீக" என்றார். வெட்டிக் கொடுத்தேன்.

எதைப் பார்த்து வாங்குவது?

இனி நண்பர்கள் கேட்ட விஷயம். தினப்படிப் புழக்கத்துக்குக் கரண்டி வாங்குகிறவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

முதலாவது, டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள். இருபத்து நாலு உருப்படிச் செட்டில் நம் வீட்டில் புழங்குவது ஸ்பூனும் டீ ஸ்பூனும்தான். முள்ளும் கத்தியும் ஷோகேசில் தூங்கும். வீட்டில் உள்ளவர்களைப் போல இரண்டு மடங்கு ஸ்பூன், அதே அளவு டீ ஸ்பூன் உதிரியாக எடுங்கள். மிச்சப்படும் காசில் கனமான குழிக்கரண்டியும் அன்னக்கரண்டியும் வாங்கலாம்.

இரண்டாவது, காம்பும் குழிவும் சேரும் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். கழுத்தில் 2 மில்லிமீட்டரை ஒட்டிய கனம் இருந்தால் பல வருஷம் உழைக்கும்.

மூன்றாவது, குழிவின் விளிம்பை மெல்லிய துணியால் துடையுங்கள். நூல் மாட்டினால் நாக்கிலும் மாட்டும். பளபளப்பு நடுவில் எல்லாச் சரக்கிலும் இருக்கும். விளிம்பையும் முள்ளின் இடுக்கையும் மெருகேற்றியிருக்கிறானா என்பதில்தான் செய்தவன் நாணயம் தெரியும்.

நான்காவது, குழிவின் ஆழம். நமக்குக் கஞ்சி, சாம்பார், பாயசம். தட்டையான மேனாட்டு ஸ்பூன் பார்க்க அழகு, கஞ்சி நிற்காது. கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு அள்ளிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஐந்தாவது, காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பதில், பில்லில் 'கிரேடு 304' என்றோ '18/8' என்றோ எழுதிக் கேளுங்கள். வாயால் சொல்கிறவர் எல்லோரும் பேனாவால் எழுத மாட்டார்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு 2024-இல் உத்தரவு பிறப்பித்தது. அதற்கான தர எண் 14756. பாத்திரம் வாங்கும்போது அந்த முத்திரையையும் பார்க்கலாம்.

கடைசியாக, எவ்வளவு நல்ல ஸ்பூனையும் ஊறுகாய் ஜாடியிலும் உப்பு மரவையிலும் குடம்புளிக் குழம்பிலும் இரவெல்லாம் போட்டுவைக்காதீர்கள். அந்த வேலைக்குச் சிரட்டை அகப்பையும் மரக்கரண்டியும் இருக்கின்றன; உப்பு அவற்றை ஒன்றும் செய்யாது. இரும்பு நாரால் தேய்த்தால் நாரின் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். தேங்காய் நார் போதும். கழுவியதும் துடைத்து வையுங்கள்.

பலாவிலைக் கரண்டி, தான் பலாவிலை என்று சொல்லிக்கொண்டுதான் கைக்கு வந்தது. ஈயம் ஈயமாக இல்லை, ஜெர்மன் சில்வரில் சில்வர் இல்லை, எவர்சில்வரிலும் இல்லை. உலோகத்துக்கு நாம் வைத்த பேர்கள் இப்படி. ஆகையால் பொருளின் பேரை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர் இருந்தால் என்னைப் போன்ற கடைக்காரர்களும் படிப்பார்கள். நல்ல ஸ்பூன் வாங்கியபின் அதை விருந்தாளிக்கென்று ஷோகேசில் பூட்டிவைக்காமல், நாளைக் காலைக் கஞ்சிக்கே எடுங்கள்.